நாய்த் தீனி மூட்டையில் எழுதும் ஒரு வரி

1

அன்றைக்கு எடை போடும் கொட்டகையில் இருந்தவர்கள்: மிருக டாக்டர், அவருக்கு உதவியாக ரத்தம் எடுக்கும் பெண், தீனிக் கம்பெனியிலிருந்து வந்த கோட்டுப் போட்ட ஆள், அவரோடு வந்து வாயே திறக்காமல் போன இன்னொருவர், நான், ஏழு நாய்கள். தொடங்கும்போது நாய்கள் எட்டு. ஒன்று கம்பி வேலியில் காலை மாட்டி ஒடித்துக்கொண்டதால் நடுவிலேயே எடுத்துவிட்டோம். அதற்கு விதியில் இடம் உண்டு. எட்டில் ஆறு கடைசிவரை நின்றால் பரீட்சை செல்லும்.

நான் இருப்பது அமெரிக்காவின் நடுப்பக்கம், கடல் எந்தத் திசையில் என்றுகூடத் தெரியாத ஒரு சின்ன டவுன். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. நாய்க்கும் பூனைக்கும் மூட்டையிலும் டின்னிலும் விற்கிற தீனியை, விற்பதற்கு முன்னால் அதுகளுக்கே போட்டுப் பார்க்கிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. அதில்தான் எனக்கு வேலை. இருபத்தாறு வாரம் அந்த ஒரே தீனி, தண்ணீர். வேறு எதுவும் வாயில் படக்கூடாது. வாராவாரம் எடை. தொடக்கத்திலும் முடிவிலும் டாக்டர் உடம்பு முழுக்கப் பார்ப்பார். கடைசியில் ரத்தம். எல்லாம் தேறினால் மூட்டையின் பின்பக்கம் ஒரு வரி போட்டுக்கொள்ளலாம்: இந்தத் தீனி வளர்ந்த நாய்க்கு முழுமையானது, சமச்சத்து உள்ளது, நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது என்று.

அந்த ஒரு வரிக்காக நான் படுகிற பயம் கொஞ்சநஞ்சம் இல்லை. பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் ஒரு பிஸ்கட்டைப் போட்டுவிட்டால்? என் கையில் குழம்பு வாசனை இருந்து அதை ஒன்று நக்கிவிட்டால்? சாப்பாட்டு டப்பாவைக் காரிலேயே வைத்துப் பூட்டிவிடுவேன். பூட்டினேனா என்று திரும்பவும் போய்ப் பார்ப்பேன். டாக்டர் சிரிப்பார்.

அன்று கடைசிச் சோதனை. டாக்டர் ஒவ்வொரு நாயாக மேசையில் ஏற்றச் சொல்லி, கண்ணில் சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார். நான் நாயின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். “கண் சுத்தம்” என்பார், அந்தப் பெண் எழுதிக்கொள்வாள். அடுத்தது. கண் சுத்தம். அடுத்தது. ஐந்தாவது நாயின்போது பிடித்திருந்த தலையை விட்டுவிட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

போன வருஷம் இதே சித்திரையில், பெரம்பலூருக்குக் கிழக்கே ஒரு ஊரில், என் தங்கச்சி மகள் செல்வியின் கண்ணிலும் ஒரு டாக்டர் இப்படித்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். அவளுக்கு அப்போது நாலு வயசு. அந்தக் கண்ணைக் காப்பாற்ற ஊரில் நாங்கள் என்ன பாடு பட்டோம் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நாய்க் கதை தானாக உள்ளே வந்துவிட்டது.

2

நான் ஏழாவதோடு நின்றவன். அரியலூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் வேலை செய்கிற குடும்பம். லப்பைக்குடிக்காட்டு ஆட்கள் வளைகுடாவுக்குப் போனபோது ஒருவர் பின்னாலேயே நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு அமெரிக்க மிருக டாக்டர் வீட்டில் சமையல். அவர் வேலை முடித்துச் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது, என் கை ரசத்தை விட மனசில்லாமலோ என்னவோ, என்னையும் கூட்டிவந்து, இந்தக் கொட்டகையில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். பிறகு என் வீட்டுக்காரி வந்தாள். மகள் மலர் இங்கேயே பிறந்தாள்.

குடியேற்ற ஆபீசில் தொழில் என்ன என்று கேட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. நாய்க்குச் சோறு போடுகிறேன் என்று சொன்னேன். அந்த அம்மா, “உங்கள் சொந்த நாய்க்கா?” என்றாள். இல்லை, கம்பெனி நாய்க்கு. “சம்பளத்துக்கா?” ஆமாம். கடைசியில் அவளாக ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று ரொம்ப நாள் தூக்கம் இல்லை.

ஊருக்கு எழுதும்போது மட்டும் ‘மருந்து ஆபீஸ்’ என்று எழுதினேன். டாக்டர் இருக்கிறார், ஊசி இருக்கிறது, தராசு இருக்கிறது, பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவில் அது வளர்ந்து, நான் பாதி டாக்டர் என்கிற அளவுக்குப் போய்விட்டது.

மூட்டையில் எழுதியிருப்பதை மலர்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். ஐந்தாறு வயசிலேயே கடையில் தீனி அடுக்கியிருக்கும் வரிசையில் நின்று படிப்பாள். எது அதிகமோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில், எடைப்படி எழுத வேண்டும். புரதம் இவ்வளவுக்குக் குறையாது, கொழுப்பு இவ்வளவுக்குக் குறையாது, நார் இவ்வளவுக்கு மேல் போகாது, ஈரம் இவ்வளவுக்கு மேல் போகாது என்று வாக்குக் கொடுக்க வேண்டும். பெயரிலும் கணக்கு இருக்கிறது. வெறுமனே மாட்டுக்கறி என்று பெயர் வைத்தால் கிட்டத்தட்ட முழுக்க அதுதான் இருக்க வேண்டும். மாட்டுக்கறி விருந்து என்றால் கால் பங்கு போதும். மாட்டுக்கறிச் சுவை என்றால் வாசனை காட்டினால் போதும்.

“அப்பா, இந்த மூணாவது வாங்கறவங்க ஏமாறுவாங்க இல்ல?” என்று ஒருதடவை கேட்டாள். அப்போதெல்லாம் என்னோடு தமிழில்தான் பேசுவாள்.

“எழுதித்தான் இருக்குதும்மா. படிக்கத் தெரிஞ்சவங்க ஏமாற மாட்டாங்க.”

“உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதே.”

“அதுக்குத்தான் நீ இருக்கியே.”

சர்க்கார் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து ஒரு மூட்டையை எடுத்துப்போய்ச் சோதிப்பார். எழுதியதற்குக் குறைவாக இருந்தால் அந்தச் சரக்கைக் கடையை விட்டே எடுக்கச் சொல்வார். எந்தப் பிராணிக்கு, குட்டிக்கா வளர்ந்ததற்கா என்பதையும் போட வேண்டும். ஏனென்றால் நாய்த் தீனியையே தின்று வளர்கிற பூனைக்கு நாளாவட்டத்தில் கண் போய்விடும். நாயின் உடம்பு தானே செய்துகொள்கிற ஒரு சத்தைப் பூனையின் உடம்பு செய்துகொள்ளாதாம். வயிறு நிறையும், மேனி பளபளக்கும், கண் மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். இதை டாக்டர் எனக்குச் சொன்ன நாளிலிருந்து பூனைக் கொட்டகையையும் நாய்க் கொட்டகையையும் ஒரே வாளியோடு கடக்க மாட்டேன்.

இந்த விஷயத்தைத் தெரிந்துவைத்திருந்ததுதான் ஊரில் எனக்கு வினையாக வந்தது.

3

தங்கச்சி அஞ்சலையைக் கொடுத்த ஊர் லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கம், வெள்ளாற்றங்கரை. மாப்பிள்ளை முருகேசன் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர். நல்ல மனுஷர். செல்வி மூத்தவள், அடுத்து ஒரு கைப்பிள்ளை.

நான் போய் இறங்கிய அன்று, விளக்கு வைக்கிற நேரம். பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செல்வியைக் கூப்பிட்டுச் சிவப்புக் கவுனை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வந்தாள். வந்தவள் கவுனுக்கு ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டினாள். பிறகு பெட்டியில் முட்டிக்கொண்டாள்.

“அது அப்படித்தாண்ணே, பொழுது போனா தட்டுத் தடுமாறும்,” என்றாள் அஞ்சலை. “காலையில நல்லா ஓடியாடித் திரியும். மாலைக்கண்ணுங்கறாங்க. முருங்கக் கீரை ஆக்கிக் குடுத்தேன். தொண்டையில எறங்கினாத்தானே? சோத்தையும் வெறுஞ்சோறாத் திங்கும், உப்புக்கல்ல தொட்டுக்கிட்டு.”

வெளிச்சத்தில் கூட்டிவந்து கண்ணைப் பார்த்தேன். கருவிழியின் ஓரத்தில், வெள்ளையில், சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு திட்டு. நர்சைப் பார்க்க வேண்டும் என்று அப்போதே சொன்னேன். ஆயாசமாக வந்திருக்கிறீர்கள், ரெண்டு நாள் போகட்டும் என்றார்கள்.

ரெண்டு நாளில் செல்விக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்து உடம்பெல்லாம் பொடிப்பொடியாகச் சிவந்தது. மணல்வாரி அம்மை. வாசலில் வேப்பிலை சொருகிவிட்டார்கள்.

நம் பக்கம் தெரியாதவர்கள் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அம்மை இறங்கிய வீட்டில் தாளிக்கக் கூடாது, கவிச்சி நுழையக் கூடாது, முட்டை கூடாது, எண்ணெய் கூடாது. பிள்ளைக்குக் கஞ்சி, இளநீர். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது. வந்திருப்பது ஆத்தா, அவள் மனம் கோணாமல் போக வேண்டும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். என் வீட்டில் வந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

4

பெரம்பலூர் போய் ஆட்டு ஈரல் வாங்கிவந்தேன். அஞ்சலை வாசலிலேயே மறித்துவிட்டாள்.

“அண்ணே, அத அப்பால கொண்டு போ. வூட்ல ஆத்தா இருக்கா.”

“கொழந்தைக்கு இல்லடி, கண்ணுக்கு. ஈரல் தின்னா மாலைக்கண்ணு போவும்னு நம்ம ஆளுங்களே சொல்வாங்கதானே?”

“சொல்வாங்கதான். ஆத்தா எறங்கட்டும், நானே ஆக்கித் தரேன். இப்பப் போயி கவிச்சியக் காட்டி, கண்ணுல முத்து போட்டுட்டா என்ன பண்றது?”

அவள் பயமும் கண்ணுக்குத்தான். ஒரே கண்ணுக்கு ரெண்டு பேரும் பயந்தோம், எதிரெதிர்ப் பக்கம் நின்றுகொண்டு. ஈரலைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டேன்.

என்னிடம் ஒரு பாட்டில் இருந்தது. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை, மஞ்சள் முத்து மாதிரி இருக்கும். மலருக்காக வாங்குவது. தங்கச்சி பிள்ளைகளுக்கு என்று வீட்டுக்காரி ஒன்று வைத்து அனுப்பியிருந்தாள். மாத்திரையில் கவிச்சி வாடை கிடையாது. அதை எடுத்து முருகேசனிடம் பேசினேன். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரது அண்ணனும் இரண்டு பங்காளிகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“மருந்துன்னா தப்பில்ல மச்சான்,” என்றார் முருகேசன். “கஞ்சில கலந்து குடுக்கலாமா?”

“கலக்கலாம் மாப்ள. ஊசியால குத்தினா எண்ணெய் வரும், நாக்குல விட்டாப் போதும்.”

“சரி. நீங்க பெரிய எடத்துல இருக்கீங்க, தெரியாமயா சொல்வீங்க?”

காரியம் முடிந்துவிட்டது. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். அவரது அண்ணன் கேட்டார்: “கண்ணு போவுறது சாப்பாட்டாலன்னு எப்படி அவ்ளோ உறுதியாச் சொல்றீங்க? உங்க ஆபீஸ்ல இந்த மாதிரிப் பிள்ளைங்க வருதா?”

அவர் நம்ப வேண்டும் என்கிற பதட்டத்தில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் இல்லை, பூனைகள் என்று. நாய்த் தீனி தின்கிற பூனைக்குக் கண் போவதை, நாங்கள் எடை போடுவதை, இருபத்தாறு வாரத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறுவது தெரிந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

ஒரு பங்காளி சிரித்துவிட்டார். “அப்ப நாய்க்கு சோறு வைக்கிற வேலையா? அதுக்கா ப்ளேன் ஏறிப் போனீங்க? நம்ம தெருவுலயே நாலஞ்சு நாயி சும்மாக் கெடக்குதே.”

முருகேசன் சிரிக்கவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். “இது பூனைக்கு ஊத்துறதா மச்சான்?”

“இல்ல மாப்ள, மனுஷங்க மருந்து. என் மகளுக்கே குடுக்கறது. இந்தா, மேல எழுதியிருக்குது பாரு.”

இங்கிலீஷ் எழுத்து. என்னைப் போல அவருக்கும் படிக்கத் தெரியாது.

“எம் பொண்ணுக்கு அப்பன் இருக்கேன்,” என்றார். “கஞ்சி ஊத்தி வளத்துக்குவேன். நாய்க்குப் போட்டுப் பாத்ததெல்லாம் ஆத்தா இருக்கிற வூட்ல வேண்டாம்.” தூக்கி எறியவில்லை. எழுந்துபோய்க் கூரை இறவானத்தில் சொருகிவிட்டு வந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நிலக்காரர்கள் இருக்கிற மேட்டுத் தெருவில் நாய்க்கு வைக்கிற வட்டிலில் கூலிக்காரனுக்கும் ஊற்றிய காலத்தை அவர் அப்பா பார்த்திருக்கிறார். என் அப்பாவும்தான்.

5

நர்சம்மா வந்தார். வெளியிலிருந்தே பார்த்தார். “இதுக்குன்னு மருந்து இருக்குதுங்க, ஒரு கரண்டி ஊத்தினாப் போதும். தீர்ந்து போச்சு, எழுதிக் கேட்டிருக்கேன், வரல,” என்றார். “திருச்சிக்குக் கொண்டு போயிடுங்க. காத்துக்கிட்டு இருக்காதீங்க.”

மூணாந் தண்ணிக்கு முன்னால் கொண்டுபோக முடியாது என்றார்கள் வீட்டில். நான் முருகேசன் கையைப் பிடித்துக் கேட்டேன். அஞ்சலை உள்ளேயிருந்து அழுதாள். வெயில் படக் கூடாதே என்று செல்வி இருட்டு மூலையில் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்கவே இல்லை. கூசுகிறது என்றாள். “மாமா, பிளேன்ல வெளக்கு இருக்குமா?” என்று கேட்டாள். இருக்கும் என்றேன். “ராத்திரிக்கும் எரியுமா?” ராத்திரிக்கும் எரியும் என்றேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றின காலையில் கண்ணைக் கழுவித் திறந்து பார்த்தார்கள். ஒரு கண்ணில் கருவிழியே வெள்ளையாகக் குழைந்திருந்தது. முருகேசன் அவளை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். இடுப்பில் கட்டின வேப்பிலைகூட அவிழ்க்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரம் ஆகும். நான் சைக்கிளில் லப்பைக்குடிக்காடு போனேன். வளைகுடாவில் ஒரே அறையில் என்னோடு இருந்த காசிம் பாய் திரும்பி வந்து வாடகைக் கார் வைத்திருந்தார். கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், விஷயத்தைச் சொன்னதும் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார். பெரம்பலூர் தாண்டித் திருச்சிவரை நிறுத்தாமல் ஓட்டினார். உதடு மட்டும் ஓதிக்கொண்டே இருந்தது.

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் ‘சுத்தம்’ என்று சொல்லவில்லை. ஒரு கண் போய்விட்டது என்றார். இன்னொன்றில் தழும்பு விழும், வெளிச்சம் இருட்டு தெரியலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். உயிர்ச்சத்து மருந்தை உடனே ஊற்றினார்கள்.

நான் தனியாகப் போய்க் கேட்டேன். இந்த மாதிரி மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் நின்றிருக்குமா சார்?

“சொல்ல முடியாதுங்க,” என்றார். “நின்னிருக்கலாம். நிக்காமலும் போயிருக்கலாம். அம்மை வேற சேந்துடுச்சு இல்ல.”

பூனைக்குக் குறைகிற சத்தும் குழந்தைக்குக் குறைகிற சத்தும் வேறு வேறு என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. நான் ஊரில் விளக்கினதே பாதி தப்பு.

ஊர் திரும்பின பிறகு முருகேசன் ஏணி வைத்து ஏறி, இறவானத்திலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தார். கைப்பிள்ளைக்கு அன்றிலிருந்து தினம் ஒன்று, ஊசியால் குத்தி, நாக்கில். அவரேதான் விடுவார், அஞ்சலையிடம்கூடக் கொடுக்க மாட்டார். நான் கிளம்புகிற அன்று, “தீர்ந்தா அனுப்புவீங்களா மச்சான்?” என்று மட்டும் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

6

அந்த ஏழு நாய்களும் தேறிவிட்டன. எடை குறையவில்லை, ரத்தம் சரி, கண் சுத்தம். மூட்டைக்கு அந்த வரி கிடைத்துவிட்டது. இந்த வரியை வாங்க இன்னொரு வழியும் இருக்கிறது. நாயே வேண்டாம், தீனியை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்துப் பட்டியலோடு ஒத்துப்போனால் போதும். அது மலிவு. எங்கள் டாக்டர் ரெண்டையுமே முழுசாக நம்ப மாட்டார். “இருபத்தாறு வாரத்தில் தெரிகிற குறை தெரியும், தெரியாதது தெரியாது” என்பார். கேட்டுக் கேட்டு எனக்குப் பயம்தான் கூடுகிறது.

மலருக்கு இப்போது பதினொரு வயசு. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். கொட்டகையிலிருந்து அன்று வந்த என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். செல்வி கதையை முதல்தடவையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “மாத்திரை கையில இருந்துதே, ஏன் கொடுக்கல?” என்றாள். இங்கிலீஷில்தான் கேட்டாள். ஆத்தா என்றேன், மூணாந் தண்ணி என்றேன், மேட்டுத் தெரு வட்டில் என்றேன். எந்த வார்த்தைக்கும் இங்கே வார்த்தை இல்லை.

“அப்ப அவங்க அப்பா மேலதான் தப்பு,” என்றாள்.

“இல்லம்மா.”

“அப்ப யார் மேல?”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்விக்கும் அவளுக்கும் ஆறு வயசுதான் வித்தியாசம், ஒரே மூக்கு.

மாத்திரை பாட்டில் தவறாமல் அனுப்புகிறேன். சுங்கத்தில் ஒருதடவை பிடித்துவைத்து விளக்கம் கேட்டார்கள், அதுவும் கொடுத்தாயிற்று. கைப்பிள்ளை இப்போது நடக்கிறான். பொழுது சாய்ந்த பிறகும் கோழிக்குஞ்சைத் துரத்திப் பிடிக்கிறானாம். செல்வி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாளாம். அஞ்சலை யாரையோ விட்டு எழுதச் சொன்ன கடுதாசியில் இது இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

காசிம் பாய்க்குத் திருச்சியில் அன்றைக்கே வாடகை கொடுக்கப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கையைத் தள்ளிவிட்டார். “இப்ப வேண்டாம் ராசு. அல்லா நாடினா புள்ள கண்ணு தெரியும். தெரிஞ்ச அன்னிக்கு அவளையே கூட்டிக்கிட்டு வந்து குடு, அவ கையால வாங்கிக்கிறேன்,” என்றார். இங்கே வந்து டிராப்ட் எடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடி ஒன்று அனுப்பினேன், அதுவும் வந்தது. முருகேசன் அறுப்புக் கூலியில் மிச்சம் பிடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவரிடமும் வாங்கவில்லை. புள்ள எப்படி இருக்கா என்று மட்டும் கேட்டாராம்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து தங்கச்சி ஊர் வந்து, பெரம்பலூர் வழியாகத் திருச்சி போய்த் திரும்பின கார் வாடகை, பெட்ரோலும் சேர்த்து, நூற்றி எண்பது ரூபாய். இன்னும் பாக்கி.